பானபாத்திரக்காரனின் வேலை



உங்களில் அநேகர் இந்த மும்பைப் பட்டணத்தின் நட்சத்திர ஓட்டல்களில் வேலை செய்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். சமையற்கட்டிலும், துணி வெளுக்கும் பிரிவிலும், விருந்து மண்டபங்களிலும் நம்முடைய பிள்ளைகள் இல்லாத பெரிய ஓட்டல் அரிது. அப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒருவர், தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக வந்த இருபத்தாறு வயது வாலிபர், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடத்தில் வந்து, “பாஸ்டர் ஐயா, நான் குடிக்கிறதில்லை. ஆனால் எங்கள் ஓட்டலில் மாதம் ஒருமுறை ஒரு ஒயின் கிளப் கூடுகிறது. அங்கே ஊற்றிக் கொடுக்கிறது நான்தான். இது பாவமா?” என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற மூப்பர் ஒருவர், “இதில் கேட்க என்ன இருக்கிறது? நாளைக்கே ராஜினாமா எழுதிக் கொடு தம்பி” என்றார். அந்த மூப்பர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறவருக்கு ராஜினாமா என்ற சொல் இலேசாக வரும். எனக்கு அது வரவில்லை. நான் கண்ணால் காணாத ஒரு காரியத்தைக்குறித்துத் தீர்ப்புச் சொல்வதும் என் வழக்கமல்ல. ஆகவே அந்தத் தம்பி தன் மேலாளரிடம் அனுமதி கேட்டு வைக்க, 2023 அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நானே அங்கே போனேன். அன்றைய நிகழ்ச்சி, ஸ்பெயின் தேசத்து ஒயின்களை ருசிபார்த்தல்.

போதகர் ஒயின் கிளப்புக்குப் போனாரா என்று புருவத்தை உயர்த்துகிறீர்கள் அல்லவா? போனேன். பரிமாறுகிறவர்கள் வந்துபோகும் பக்கக் கதவருகே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் இரவு ஏழரைக்குத்தான் ஆரம்பம். நம்முடைய தம்பியின் வேலையோ பிற்பகல் நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறது. அங்கத்தினர் நாற்பது பேர். ஒயின்கள் ஆறு வகை. 750 மில்லி பாட்டில் ஒன்றில், ஆளுக்கு 50 மில்லி வீதம் ஊற்றினால் பதினைந்து பேருக்கு வரும். ஆகவே வகைக்கு மூன்று பாட்டில், மொத்தம் பதினெட்டு. கண்ணாடிக் கிண்ணங்களோ இருநூற்று நாற்பது. ஒவ்வொன்றையும் வெந்நீர் ஆவியில் காட்டி, நூல் ஒட்டாத துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து வைக்கவேண்டும். மும்பையின் அக்டோபர் வெயிலை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நுரைக்கும் ஒயின் ஏறக்குறைய 7 டிகிரியில் இருக்கவேண்டும்; சிவப்பு 16 முதல் 18 டிகிரி வரையில். ஐரோப்பியர் தங்கள் நாட்டு அறையின் குளிரை மனதில் வைத்து, சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் ஊற்றலாம் என்று எழுதிவைத்தார்கள். நம் ஊர் அறையில் அப்படிச் செய்தால் சாராய நெடிதான் முந்தி வரும் என்று தம்பி எனக்கு விளக்கினார்.

கார்க்கைத் திறந்தவுடனே பாட்டிலை முகர்ந்து பார்ப்பதும் அவர் வேலைதான். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டையை ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரித்துக் கார்க் செய்கிறார்கள். சில கார்க்குகளில் பூஞ்சையின் காரணமாக ஒரு வேதிப்பொருள் உண்டாகி, ஒயினுக்கு நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றத்தைக் கொடுத்துவிடும். அன்றைக்கு ஒரு பாட்டிலை அவர் முகர்ந்த மாத்திரத்தில் ஒதுக்கி வைத்தார். மேற்பார்வையாளர் ஒரு சொட்டு நாவில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நாவில் வைக்காமலே நம் பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவேன்.

மகாராஷ்டிராவில் 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. குடிக்கிறவர் பர்மிட் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். அந்தக் கடிதங்கள் கட்டாக ஒரு கோப்பில் வாசலருகே கிடந்தன. யாரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

கூட்டம் கூடிற்று. ஒவ்வொருவருக்கும் முன்பாக ஆறு வட்டங்கள் அச்சிட்ட வெள்ளைத் தாள், எழுதுவதற்குப் பென்சில், துப்புவதற்கு ஒரு வெள்ளிநிறப் பாத்திரம். ஒயின்களை இறக்குமதி செய்யும் கம்பெனியிலிருந்து வந்த பேச்சாளர் ஒவ்வொன்றாக விளக்கினார். கிண்ணத்தைச் சாய்த்து வெள்ளைத் தாளின்மேல் நிறத்தைப் பாருங்கள், சுழற்றுங்கள், முகருங்கள், பிறகு ஒரு மிடறு என்றார். உண்மையைச் சொல்லுகிறேன்: நம்முடைய வேதபாட வகுப்புகளில் பலவற்றைவிட அந்த மனிதர் நன்றாக ஆயத்தம் செய்து வந்திருந்தார்.

முதலில் வந்தது காவா என்னும் நுரைக்கும் ஒயின். கத்தலோனியாவில், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்து, குறைந்தது ஒன்பது மாதம் அதின் வண்டலோடு வைத்திருந்து செய்வது. அடுத்தது வடமேற்கே அட்லாண்டிக் கடலோரத்துக் கலீசியாவின் அல்பரீன்யோ. அங்கே மழை அதிகம். ஈரத்தில் பழம் அழுகாமல் காற்றோட்டம் கிடைக்கவேண்டும் என்று கருங்கல் தூண்களின்மேல் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றுகிறார்கள். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலின்கீழ் நடந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கத்தினரில் எவருக்கும் கம்பம் தெரியவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த தம்பிக்குத் தெரியும். அவர் வாய் திறக்கவில்லை.

மூன்றாவதாக வந்த ஷெர்ரியில் நான் சற்று நேரம் தங்க விரும்புகிறேன். தெற்கே அந்தலூசியாவில், காதிஸ் துறைமுகத்துக்கு அருகே, ஹெரெஸ் என்ற ஊர். வேதத்தில் நாம் வாசிக்கிற தீரு பட்டணத்து வணிகர்கள்தான் கப்பலேறிப்போய்க் காதிஸை ஸ்தாபித்தார்கள் என்பது பழைய வரலாறு. அப்போஸ்தலனாகிய பவுல் ரோமர் 15-ஆம் அதிகாரத்தில் இரண்டு தரம் தாம் போக விரும்புவதாக எழுதிய ஸ்பானியாவும் இந்தத் தேசமே. அந்த ஊரின் வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணில் விளையும் பலோமினோ திராட்சையின் ஒயினைப் பீப்பாயில் முழுவதும் நிரப்பாமல் வைக்கிறார்கள். மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு வெண்மையான ஆடையாகப் படர்கிறது. அதற்கு அவர்கள் மொழியில் பூ என்று பெயர். அந்தப் பூவாடை காற்றுப் படாமல் காக்கிறது. பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்கி, அடிவரிசையிலிருந்து ஒரு பங்கை மட்டும் விற்பனைக்கு எடுப்பார்கள். குறைந்த அளவை அதற்கு மேல்வரிசையிலிருந்து நிரப்புவார்கள். அதை அதற்கும் மேலிருந்து. புதிய ரசம் எல்லாவற்றுக்கும் மேல்வரிசையில்தான் சேரும். எந்தப் பீப்பாயும் முழுவதும் காலியாவதில்லை. இதற்குச் சொலெரா என்று பெயர். ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்தைப் பழைய குடும்பங்களோடு எப்படிச் சேர்ப்பது என்று யோசிக்கிற சபை மூப்பர்கள் இந்த அடுக்கை ஒருநாள் போய்ப் பார்த்துவந்தால் நல்லது.

நான்காவதும் ஐந்தாவதும் வடக்கே ரியோஹாவின் சிவப்பு. டெம்ப்ரானீயோ என்னும் திராட்சை. சீக்கிரம் பழுப்பதால் அந்தப் பெயர். நான்காவது கிரியான்ஸா வகை. அதை இரண்டு ஆண்டு முதிரவிடவேண்டும். அதில் ஓர் ஆண்டாவது 225 லிட்டர் ஓக் பீப்பாயில். ஐந்தாவது கிரான் ரிசர்வா. அதற்கு ஐந்து ஆண்டு. பீப்பாயில் மட்டும் குறைந்தது இரண்டு. அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பீப்பாயின் அடியில் வண்டல் தங்கியவுடன் தெளிந்ததை வேறொரு பீப்பாய்க்கு மெல்ல இறக்குவார்கள். அங்கே மறுபடியும் தங்கினால் மறுபடியும் வேறொன்றுக்கு. பேச்சாளர் இதைச் சொன்னபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எரேமியா 48-ல் மோவாபைக்குறித்துத் தீர்க்கதரிசி சொல்லும் குற்றச்சாட்டு இதுதானே! சிறுவயதுமுதல் சுகமாய் இருந்த ஜனம், பாத்திரம்விட்டுப் பாத்திரம் மாற்றப்படாமல் தன் வண்டலின்மேலேயே தங்கிவிட்டது. ஆகையால் அதின் ருசியும் வாசனையும் மாறவேயில்லை என்கிறார். வேதாகமக் கல்லூரியில் நான் அந்த வசனத்துக்கு அகராதியைப் பார்த்துப் பொருள் எழுதினேன். தாராவியில் ஒரு அறை, பிறகு ஆன்டாப் ஹில்லில் ஒரு அறை, பிறகு கல்யாணுக்கு அப்பால் ஒன்று என்று பாத்திரம்விட்டுப் பாத்திரம் ஊற்றப்பட்டு வருகிற உங்களுக்கு அகராதி வேண்டியதில்லை.

ஆறாவது, வெயிலில் பாய்மேல் காயவைத்த பெத்ரோ ஹிமெனெஸ் திராட்சையிலிருந்து எடுத்த, கருப்பட்டிப் பாகுபோன்ற இனிப்பு ஒயின். அதைப்பற்றிப் பேச அதிகமில்லை. அதற்குள்ளாக யாரும் கேட்கும் நிலையிலும் இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த வெள்ளிநிறப் பாத்திரத்தில் துப்பியவர்களை நான் எண்ணினேன். முதல் இரண்டு ஒயின்களுக்கு ஏழெட்டுப் பேர் துப்பினார்கள். ரியோஹாவுக்குப் பேச்சாளர் ஒருவரே துப்பினார். கடைசிக்கு எவருமில்லை. ஆறு தரம் 50 மில்லி என்றால் 300 மில்லி. காவா பதினொன்றரை சதவீதம், ஷெர்ரி பதினைந்து, கடைசி இனிப்பு பதினேழு என்று அட்டையில் போட்டிருந்ததைக் கூட்டிப் பார்த்தால், ஆளுக்கு ஏறக்குறைய 41 மில்லி சுத்த ஆல்கஹால் உள்ளே போயிருக்கிறது. நம் நாட்டு விஸ்கியில் 30 மில்லிப் பெக் மூன்றுக்குமேல் குடித்ததற்குச் சமம். யாரும் விழவில்லை, யாரும் சண்டையிடவில்லை. ஆனால் எட்டு மணிக்கு மண்ணைப்பற்றியும் மழையைப்பற்றியும் பேசிக்கொண்டிருந்தவர்கள், பத்து மணிக்கு ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் உரக்கப் பேசினார்கள். பென்சில்கள் தரையில் கிடந்தன.

வயதான அங்கத்தினர் ஒருவர், “சிவப்பு ஒயின் இருதயத்துக்கு நல்லதுதானே?” என்று கேட்க, பேச்சாளர் சிரித்துக்கொண்டே ஆமென்றார். இந்தப் பேச்சு நம் சபைகளிலும் உலவுகிறது. டாக்டரே சொன்னார் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே, உடல்நலத்துக்குக் கேடில்லாத மதுவின் அளவு என்று ஒன்று கிடையாது எனத் தெளிவாக அறிவித்துவிட்டது. அதின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1988-லேயே மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்தது. பாட்டிலின் விலை ஐயாயிரமாயிருந்தாலும், அதற்குள் இருக்கிற ஆல்கஹால், ஊர்க்கடையில் விற்கிற குவார்ட்டர் பாட்டிலில் இருக்கிற அதே பொருள்தான்.

அதேசமயம், வேதத்திலுள்ள திராட்சரசம் எல்லாம் வெறும் பழச்சாறுதான் என்று வாதிடுகிறவர்களோடும் நான் உடன்படுவதில்லை. நோவா குடித்து வெறித்ததற்கும் மெல்கிசேதேக்கு கொண்டுவந்ததற்கும் எபிரெயத்தில் யாயின் என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. பிழிந்த சாறு தானாகவே புளித்துவிடும். 1869-ல் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், தம்முடைய மெதடிஸ்டு சபையின் திருவிருந்துக்காக, சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாட்டிலில் அடைக்க வழி கண்டார். நம்முடைய மேசையில் நாம் வைக்கிற ரசத்தின் வரலாறு அங்கேயிருந்து வருகிறது. வேதம் மதுவை அறியாத புத்தகமல்ல. நன்றாய் அறிந்ததினால்தான் நீதிமொழிகள் 23-ல் கிண்ணத்தில் மின்னுகிற அந்தச் சிவப்பைப் பார்க்கவே வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

இனி தம்பியின் காரியத்துக்கு வருகிறேன். அவருடைய தகப்பனார் குடியினால் மரித்தவர். ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, நாற்பத்து நான்காம் வயதில். அப்பொழுது இவருக்குப் பதினைந்து வயது. கீழே இரண்டு தங்கைகள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டு மும்பைக்கு வந்தார். ஒரு தங்கைக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. இன்னொருத்தி நர்சிங் படிக்கிறாள். கட்டணம் இவருடைய சம்பளத்திலிருந்து போகிறது. ராஜினாமா என்று சொன்ன மூப்பருக்கு இதெல்லாம் தெரியாது.

அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருந்தது. முகர்ந்தே பழுதைக் கண்டுபிடிக்கிற அந்த மூக்கை மேலாளரும் கவனித்திருந்தார். “உன்னைக் கம்பெனிச் செலவில் ஒயின் சான்றிதழ்ப் படிப்புக்கு அனுப்புகிறேன். சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்” என்றார். அந்தப் படிப்பில் ருசிபார்ப்பது பாடம். விழுங்கவேண்டியதில்லை, துப்பிவிடலாம். ஆனால் வாயில் வைக்கவேண்டும்.

நான் அவருக்கு நெகேமியாவைக் காட்டினேன். சூசான் அரமனையில் அர்தசஷ்டா ராஜாவுக்குத் திராட்சரசம் எடுத்துக் கொடுத்த பானபாத்திரக்காரன் அவன். அந்த வேலையில் நின்றுகொண்டே உபவாசித்தான். கிண்ணத்தைக் கொடுத்த அதே வேளையில் மனதுக்குள் ஜெபித்தான். அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று தேவன் அவனுக்குச் சொன்னதாக எழுதப்படவில்லை. ஆகவே ஊற்றிக் கொடுக்கிற உன் கை அசுத்தமானது என்று நான் சொல்லமாட்டேன் என்றேன். எரேமியா 35-ல் ரேகாபியரையும் காட்டினேன். தேவாலயத்து அறையில், தீர்க்கதரிசியே குடங்களை நிரப்பி முன்னால் வைத்தும், எங்கள் தகப்பன் வேண்டாமென்று கட்டளையிட்டிருக்கிறார் என்று தொடாமல் இருந்தார்கள். “உன் தகப்பன் உனக்கு அப்படிக் கட்டளையிடவில்லை தம்பி. ஆனாலும் அவர் மரணம் ஒரு கட்டளையாக உன் காதில் ஒலிக்கிறதென்றால் அதை மீறாதே. துப்பிவிடலாம் என்கிற பாத்திரம் எல்லார் முன்னாலும் இருந்தது. எத்தனை பேர் துப்பினார்கள் என்று நீயும் பார்த்தாய்” என்றேன். குடிகாரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் பற்றிக்கொள்ளும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்று மருத்துவரும் சொல்லுகிறார்கள். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

தீர்மானத்தை நான் எடுக்கவில்லை. அவர் மூன்று வாரம் ஜெபித்தார். பிறகு மேலாளரிடம், “ஊற்றுகிறேன், முகருகிறேன், வாயில் வைக்கமாட்டேன். படிப்பு வேண்டாம்” என்று சொன்னார். மேலாளர் கோபிக்கவில்லை. மூக்கு போதும், ஆனால் மூக்கை வைத்துக்கொண்டு மேலே ஏற முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார். 2024-ல் அந்த இடம், இவருக்கு இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போயிற்று. இவர் இன்னும் அதே சம்பளத்தில்தான் இருக்கிறார். தங்கையின் கடைசி வருடக் கட்டணத்துக்குச் சபையில் சிலர் சேர்ந்து கடன் கொடுத்தோம். ராஜினாமா என்று சொன்ன மூப்பரும் அதில் ஒரு பங்கு கொடுத்தார், அதிகமாகவே கொடுத்தார்.

மகன் ஓட்டலில் பரிமாறுகிறான் என்பதுவரையில்தான் அவருடைய தாயாருக்குத் தெரிந்திருந்தது. சென்ற கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போனபோது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அதிகம் பேசவில்லையாம். “உங்க அப்பா மேல அடிக்குமே, அந்த வாடையாப்பா?” என்று மட்டும் கேட்டார்களாம். “ஊற்றும்போது இல்லம்மா. எலுமிச்சை மாதிரி, மரம் மாதிரி, என்னென்னவோ வாசனை. எல்லாம் முடிந்து கிளாசுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போகும்போது அதே வாடைதான்” என்றாராம் இவர். இப்பொழுது கழுவுகிற தட்டுகளை வேறொரு பையன் எடுத்துப் போகும்படி மேற்பார்வையாளர் ஒழுங்கு செய்திருக்கிறார்.